கள்ள ஓட்டும் அதன் பிறகு வந்த துப்பாக்கியும்: கன்சாஸ், 1854–1861

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861-ல் தொடங்கியது என்று படிக்கிறோம். அதற்கு ஆறு வருடம் முன்பே கன்சாஸில் அடிமை முறையை வைத்து ஆட்கள் ஒருவரையொருவர் சுட ஆரம்பித்துவிட்டார்கள். இந்த ஆய்வு அந்த ஒரு பிரதேசத்தை, அது திறந்துவிடப்பட்ட நாளிலிருந்து மாநிலமான நாள் வரை பின்தொடர்கிறது. பொதுப்பதவியில் இருந்தவர்கள், வரலாற்றில் தலைவர்களாக நிலைத்தவர்கள் ஆகியோரின் பெயர்களை மட்டும் தருகிறேன். நிலம் தேடி வந்தவர்களும் அடிமைப்படுத்தப்பட்டவர்களும் இங்கே பெயரில்லாமல் வருகிறார்கள்.

நான் கவனிக்க விரும்புவது வாக்குப்பெட்டியை. கன்சாஸில் ரத்தம் எப்போது கூடியது, எப்போது குறைந்தது என்று தேதி வாரியாக வைத்துப் பார்த்தால், அது ஓட்டு எப்படி எண்ணப்பட்டது என்பதோடு ஒட்டியே போகிறது.

பின்னணி

1820-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சமரசம் செய்தது. பிரான்ஸிடம் வாங்கிய பெரும் நிலப்பரப்பில், 36 டிகிரி 30 நிமிட அட்சரேகைக்கு வடக்கே மிசௌரி தவிர வேறெங்கும் அடிமை முறை கூடாது என்பது அந்தச் சமரசம். கன்சாஸ் அந்தக் கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் அந்த விதி நின்றது.

அதை உடைத்தவர் இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ். மேற்கே ரயில் பாதை போடவேண்டும், அதற்கு அந்த நிலப்பகுதியில் ஒரு அரசு அமைப்பு வேண்டும், அதற்குத் தென் மாநில செனட்டர்களின் ஓட்டு வேண்டும். பழைய கோட்டை அழித்தால்தான் ஆதரவு என்றார்கள் அவர்கள். டக்ளஸ் ஒத்துக்கொண்டார். அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறும் மக்களே முடிவு செய்யட்டும் என்ற கொள்கையோடு கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் வந்தது. செனட்டில் 37–14, பிரதிநிதிகள் அவையில் 113–100. 1854 மே 30 அன்று அதிபர் பிராங்க்ளின் பியர்ஸ் கையெழுத்திட்டார்.

கேட்க நல்ல ஜனநாயகமாகத்தான் தெரியும். ஆனால் 'மக்கள்' என்றால் யார்? முதல் தேர்தலில் ஓட்டுப்போடும் தகுதியாகச் சட்டம் சொன்னது 21 வயது தாண்டிய, சுதந்திரமான வெள்ளை ஆண், உண்மையாக அங்கே வசிப்பவர் என்பது. எத்தனை நாள் வசித்திருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. எந்தக் கட்டத்தில் முடிவெடுப்பது, முதல் சட்டமன்றத்திலா, மாநில அரசியல் சாசனம் எழுதும்போதா, அதுவும் தெளிவில்லை. இந்த இரண்டு ஓட்டைகளும் பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் வாசல்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கிழக்கு கன்சாஸ் காலி நிலம் இல்லை. ஷாவ்னி, டெலவேர், கிக்கப்பூ போன்ற பூர்வகுடிகளை அவர்களுடைய சொந்த ஊர்களிலிருந்து கிளப்பி, இது இனி என்றைக்கும் உங்களுடையது என்று சொல்லி அரசாங்கமே குடியமர்த்திய இடம் அது. 1854-ல் அவசர அவசரமாக ஒப்பந்தங்கள் போட்டு அதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நில அளவை முடிவதற்கு முன்பே குடியேறிகள் வந்து குச்சி நட்டு இடம் பிடித்தார்கள். ஆகவே கன்சாஸில் நடந்த பல சண்டைகளில் எது நிலத்தகராறு, எது அரசியல் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

யார் வந்தார்கள், ஏன் வந்தார்கள்

பக்கத்து மாநிலமான மிசௌரியில் 1850-ல் 87,000-க்கு மேற்பட்டவர்கள் அடிமைகளாக இருந்தார்கள். மிசௌரி ஆற்றோரம், கன்சாஸ் எல்லையை ஒட்டிய மாவட்டங்களில் சணல், புகையிலைப் பண்ணைகள் அவர்கள் உழைப்பில் நடந்தன. கிழக்கே இல்லினாய், வடக்கே அயோவா, இரண்டும் அடிமை முறை இல்லாத மாநிலங்கள். மேற்கிலும் அப்படி ஒன்று வந்தால் அடிமைகள் தப்பி ஓட மூன்று பக்கம் வழி திறந்துவிடும் என்று பண்ணை உரிமையாளர்கள் பயந்தார்கள். மிசௌரி செனட்டர் டேவிட் அட்சிசன் இந்தப் பயத்தை ஊர் ஊராகப் போய் வளர்த்தார்.

மறுபக்கம் மாசசூசெட்ஸில் குடியேறிகளுக்கு உதவ ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 50 லட்சம் டாலர் வரை மூலதனம் திரட்ட அதற்கு அனுமதி இருந்தது. உண்மையில் திரண்ட பணமும் அனுப்பிய ஆட்களும் அந்தக் கனவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் அந்த 50 லட்சம் என்ற எண் மிசௌரி பத்திரிகைகளில் போய்ச் சேர்ந்தபோது, வடக்கிலிருந்து கூலிக்குப் பெரும்படை வருகிறது என்று மாறிவிட்டது. அந்த நிறுவனத்தின் ஆட்கள் கட்டிய ஊர் லாரன்ஸ்.

குடியேறிகளில் பெரும்பாலோர் இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதவர்கள். ஒஹாயோ, இண்டியானா, இல்லினாய் பக்கத்திலிருந்து சொந்த நிலம் தேடி வந்த ஏழை விவசாயிகள். அடிமை முறையை அவர்களில் பலர் எதிர்த்த காரணம் இரக்கம் இல்லை. அடிமைகளை வைத்து விவசாயம் செய்யும் பணக்காரனோடு போட்டிபோட முடியாது என்ற கணக்கு. 1855 தொடக்கத்தில் எடுத்த கணக்கெடுப்பில் கன்சாஸில் மொத்தம் சுமார் 8,500 பேர். அதில் அடிமைகள் இருநூறுக்கும் குறைவு.

1855 மார்ச் 30

முதல் சட்டமன்றத் தேர்தல். ஆளுநர் ஆண்ட்ரூ ரீடர் பென்சில்வேனியாக்காரர், பியர்ஸ் நியமித்தவர், அடிமை முறைக்கு எதிரி என்று சொல்லமுடியாதவர். முந்தைய நவம்பரில் காங்கிரஸ் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலிலேயே மிசௌரிக்காரர்கள் எல்லை தாண்டி வந்து ஓட்டுப் போட்டிருந்தார்கள். அதனால் இந்தத் தடவை ரீடர் முன்னேற்பாடு செய்தார். கணக்கெடுப்பு நடத்தி வாக்காளர்களைப் பதிவு செய்தார். வேறெங்கும் வீடில்லாமல், இங்கேயே நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு வசிப்பவருக்குத்தான் ஓட்டு என்று விதி எழுதினார். சந்தேகமானவர்களிடம் சத்தியப் பிரமாணம் வாங்கச் சொன்னார்.

தாளில் எல்லாம் சரி. வாக்குச்சாவடியில் அதைச் செயல்படுத்த ஒரு சிப்பாய்கூட இல்லை.

கணக்கெடுப்புப்படி தகுதியுள்ள வாக்காளர்கள் 2,905. விழுந்த ஓட்டு 6,000-க்கு மேல். பின்னால் காங்கிரஸ் குழு விசாரித்தபோது அதில் 4,908 கள்ள ஓட்டு என்று கண்டுபிடித்தது. லாரன்ஸில் வாக்காளர்கள் 369 பேர், விழுந்தது 1,034. முதல் நாளே மிசௌரியிலிருந்து வண்டிகளிலும் குதிரைகளிலும் சுமார் ஆயிரம் பேர் துப்பாக்கி, கத்தியோடு வந்து ஊருக்கு வெளியே முகாம் போட்டிருந்தார்கள். பீரங்கியும் கொண்டுவந்தார்கள். பிரமாணம் கேட்ட தேர்தல் அலுவலர்களைப் பல சாவடிகளில் மிரட்டி விலகவைத்து, தங்கள் ஆட்களை உட்காரவைத்தார்கள். வேலை முடிந்ததும் வண்டி கட்டி ஊர் திரும்பிவிட்டார்கள்.

அவர்கள் தரப்பையும் சொல்லிவிடவேண்டும். வடக்கிலிருந்து காசு கொடுத்து ஆள் அனுப்புகிறார்கள், அவர்களும் வந்து ஓட்டுப்போட்டுத் திரும்பப்போகிறவர்கள்தான், எத்தனை நாள் வசிக்கவேண்டும் என்று சட்டம் சொல்லாதபோது நாங்கள் ஒரு நாள் வசித்தால் என்ன தப்பு என்பது அவர்கள் வாதம். சட்டத்தில் இருந்த ஓட்டைதான் இந்த வாதத்துக்கு வாய் கொடுத்தது. ஆனால் அலுவலரின் நெஞ்சில் துப்பாக்கி வைத்ததை எந்த ஓட்டையும் நியாயப்படுத்தாது.

ரீடர் எடுத்த முடிவு

இந்த நிகழ்வில் எல்லாமே திரும்பிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

ஏப்ரல் முதல் வாரத்தில் முடிவுகளை அறிவிக்க ரீடர் உட்கார்ந்தபோது, ஜெயித்தவர்கள் ஆயுதத்தோடு அறையில் இருந்தார்கள். ரீடரின் ஆதரவாளர்கள் சிலரும் ஆயுதத்தோடு அவரைச் சுற்றி இருந்தார்கள். அவருக்கு மூன்று வழி இருந்தது. மொத்தத் தேர்தலையும் ரத்து செய்யலாம். எல்லாவற்றையும் ஏற்கலாம். புகார் வந்த இடங்களில் மட்டும் ரத்து செய்யலாம். அவர் மூன்றாவதை எடுத்தார். ஒழுங்கான புகார் மனு வராத தொகுதியில் தலையிடத் தனக்கு அதிகாரமில்லை என்று சட்டம் படித்த மனிதராக நினைத்தார். ஆனால் பல இடங்களில் மனு கொடுக்கவே ஜனங்கள் பயந்தார்கள். மிரட்டல் எங்கே அதிகமோ அங்கே மனு இல்லை. மனு இல்லாததால் அங்கே முடிவு செல்லும் என்றாகிவிட்டது.

மே மாதம் சில தொகுதிகளில் மறுதேர்தல் நடந்தது. ஜூலையில் சட்டமன்றம் கூடியதும், மறுதேர்தலில் ஜெயித்து வந்தவர்களை வெளியேற்றி, மார்ச்சில் 'ஜெயித்தவர்களை' உள்ளே எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே ரீடர் வாஷிங்டன் போய் பியர்ஸிடம் முறையிட்டிருந்தார். ஆதரவு கிடைக்கவில்லை. ஆகஸ்டில் அவரைப் பதவி நீக்கினார்கள். எல்லைப் பக்கமான ஷாவ்னி மிஷனுக்கு இடம் மாறிய சட்டமன்றம் நிலைத்தது. அது எழுதிய அடிமைச் சட்டத்தில், அடிமைகளைக் கலகத்துக்குத் தூண்டினால் மரண தண்டனை. கன்சாஸில் அடிமை வைத்திருக்க உரிமை இல்லை என்று பேசினாலோ எழுதினாலோ குறைந்தது இரண்டு வருடம் கடுங்காவல். ஒரு கருத்தைச் சொன்னாலே சிறை என்று ஆனபோது, அதுவரை நிலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த விவசாயிகளும் அரசியலுக்கு வந்தார்கள்.

ஒரு பிரதேசம், இரண்டு அரசு

எதிர்த்தரப்பு இதைப் போலிச் சட்டமன்றம் என்று அழைத்தது. அதன் சட்டத்துக்குக் கட்டுப்படமாட்டோம் என்று முடிவெடுத்து, டொபீகாவில் தனியாக ஒரு அரசியல் சாசனம் எழுதி, சார்லஸ் ராபின்சனை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது. அடிமை முறையைத் தடைசெய்த அதே சாசனத்தோடு, கறுப்பின மக்கள் கன்சாஸுக்குள்ளேயே வரக்கூடாது என்ற தனிக் கேள்வியையும் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். அதுவும் பெரும்பான்மையோடு ஜெயித்தது. இந்தப் பக்கத்தை முழு வீரர்களாக எழுதும் வரலாறுகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

வாக்கெடுப்போடு துப்பாக்கியும் வந்தது. 'புத்தகங்கள்' என்று எழுதிய பெட்டிகளில் ஷார்ப்ஸ் துப்பாக்கிகள் கிழக்கிலிருந்து வந்து இறங்கின.

1855 நவம்பரில் ஒரு நிலத்தகராறில் அடிமை எதிர்ப்புக் குடியேறி ஒருவர் சுடப்பட்டு இறந்தார். சுட்டவரைப் பிடிக்காமல், இறந்தவரின் நண்பரைக் கைது செய்தார் ஷெரிப். வழியிலேயே அவரை ஆட்கள் மீட்டார்கள். அதைச் சாக்காக வைத்து சுமார் 1,500 மிசௌரிக்காரர்கள் லாரன்ஸை முற்றுகையிட்டார்கள். புதிய ஆளுநர் வில்சன் ஷானன் நேரில் வந்து இரு தரப்பையும் கையெழுத்திடவைத்துப் பிரித்துவிட்டார். ஒப்பந்தத்தின் வாசகம் இரு தரப்பும் தனக்கு வெற்றி என்று படித்துக்கொள்ளும்படி இருந்தது. குளிர்காலம் சண்டையை நிறுத்தியதே தவிர அந்தத் தாள் இல்லை.

1856 மே

வசந்தம் வந்ததும் எல்லாம் ஒரே வாரத்தில் நடந்தது. லாரன்ஸில் இருந்த ஹோட்டலும் இரண்டு பத்திரிகைகளும் பொதுத்தொல்லை என்று நீதிமன்ற ஜூரி அறிவித்தது. மே 21 அன்று ஷெரிப்பின் தலைமையில் ஒரு கூட்டம் நுழைந்து, அச்சு எந்திரங்களை உடைத்து, ஹோட்டலைப் பீரங்கியால் சுட்டு, தீ வைத்தது. ஊர் எதிர்த்துச் சுடவில்லை. இறந்தது ஒரே ஒருவர், தாக்க வந்தவர், இடிந்து விழுந்த கல் பட்டு. மறுநாள் வாஷிங்டனில், கன்சாஸைப் பற்றி இரண்டு நாள் கடுமையாகப் பேசிய மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னரை, பிரதிநிதிகள் அவையின் தென் கரோலினா உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் செனட் அவைக்குள்ளேயே கைத்தடியால் ரத்தம் சொட்டச் சொட்ட அடித்தார்.

மே 24 இரவு, அடிமை முறையை ஆயுதத்தால் ஒழிக்க நினைத்த ஜான் பிரவுன் தன் மகன்களோடும் வேறு சிலரோடும் பொட்டவாட்டமி ஓடைக்கரையில் வீடு வீடாகப் போய், ஐந்து பேரை வெளியே இழுத்து வாளால் வெட்டிக் கொன்றார். ஒரு வீட்டில் தாய் அழுது கெஞ்சியதால் 16 வயது பையனை மட்டும் விட்டார்கள். அவளுடைய கணவரும் மூத்த மகன்கள் இருவரும் திரும்பவில்லை. இறந்த ஐவரும் அடிமை ஆதரவுப் பக்கம் நின்றவர்கள், ஆனால் ஒருவரிடமும் அடிமைகள் இல்லை.

பிரவுன் எதிர்த்த கொடுமை எந்தக் காலத்திலும் எதிர்க்கவேண்டிய கொடுமை. அதை மனமார ஏற்கும்போதும், அந்த ஓடைக்கரைக் கொலைகளை நான் நியாயப்படுத்த மாட்டேன். அதன் விளைவும் கண்முன்னே தெரிந்தது. அதற்கு முந்தைய ஒன்றரை வருடத்தில் செத்தவர்களைவிட அடுத்த மூன்று மாதத்தில் அதிகம் பேர் செத்தார்கள். பிளாக் ஜாக், ஓசவட்டமி என்று சண்டைகள். ஓசவட்டமி எரிந்தது, பிரவுனின் ஒரு மகன் அங்கே சுடப்பட்டார். ஜூலை 4 அன்று டொபீகா சட்டமன்றத்தை மத்திய அரசின் குதிரைப்படை கலைத்தது.

எது தணித்தது

செப்டம்பரில் மூன்றாவது ஆளுநர் ஜான் கியரி வந்தார். இரு தரப்புப் படைகளையும் சமமாகக் கலைக்கச் சொன்னார். லாரன்ஸை நோக்கிச் சுமார் 2,700 பேர் வந்துகொண்டிருந்தபோது, மத்திய அரசின் படையோடு நடுவில் போய் நின்று, அவர்களைத் திரும்பிப் போகவைத்தார். வருட இறுதிக்குள் பெரும் சண்டை ஓய்ந்தது. ஆனால் சட்டமன்றமும் வாஷிங்டனும் அவரைக் கைவிட்டன. 1857 மார்ச்சில் விலகிவிட்டார்.

அப்புறம் வந்தவர் ராபர்ட் வாக்கர், மிசிசிப்பியின் முன்னாள் செனட்டர். நேர்மையாக எண்ணுவேன், வந்து ஓட்டுப் போடுங்கள் என்று டொபீகா தரப்பிடம் கேட்டார். அக்டோபர் சட்டமன்றத் தேர்தலில் அவர்கள் வந்தார்கள். முடிவு வந்தபோது, ஆறே வீடுகள் கொண்ட ஆக்ஸ்போர்ட் என்ற இடத்திலிருந்து 1,628 ஓட்டு வந்திருந்தது. பெயர்ப்பட்டியல் சின்சினாட்டி நகரின் பழைய முகவரிப் புத்தகத்திலிருந்து எழுதப்பட்டது. வாக்கர் தானே அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அந்த ஓட்டுகளையும் மெக்கீ மாவட்டத்தின் ஓட்டுகளையும் தள்ளுபடி செய்தார். சட்டமன்றம் அடிமை எதிர்ப்பாளர் கைக்கு மாறியது.

ரீடரிடம் இல்லாத ஒரு புதிய அதிகாரமும் வாக்கரிடம் இல்லை. மனுவுக்காகக் காத்திருக்காமல் எண்ணைப் பார்த்தார், இடத்தைப் பார்த்தார், முடிவெடுத்தார். தன் கட்சிக்கும் தன் மாநிலத்துக்கும் எதிரான முடிவு அது. அவர் வாக்குக் கொடுத்தபடி நடந்ததால், துப்பாக்கியை நம்பியவர்கள் பலர் ஓட்டை நம்பத் தொடங்கினார்கள்.

லெகாம்ப்டன்

அதே வருடம், எதிர்த்தரப்பு புறக்கணித்த ஒரு தேர்தலில் வந்த பிரதிநிதிகள் லெகாம்ப்டனில் ஒரு சாசனம் எழுதினார்கள். மக்களிடம் கேட்டது 'அடிமை முறையோடு' வேண்டுமா, 'அடிமை முறை இல்லாமல்' வேண்டுமா என்றுதான். சாசனமே வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. 'இல்லாமல்' என்று போட்டாலும் ஏற்கெனவே அங்கே இருந்த அடிமைகள் அடிமைகளாகவே இருப்பார்கள்.

டிசம்பர் 21-ல் 'அடிமை முறையோடு' என்பதற்கு 6,226 ஓட்டு; அதில் 2,720 பொய் என்று பிறகு தெரிந்தது. புதிய சட்டமன்றம் 1858 ஜனவரி 4-ல் தானே ஒரு வாக்கெடுப்பு வைத்தது. சாசனத்துக்கு எதிராக 10,226. ஆதரவாக இரு வகையிலும் சேர்த்து 162. திருத்தப்பட்ட தேர்தல் முடிவுத் தாள்கள் ஒரு மெழுகுவத்திப் பெட்டியில் போட்டு விறகுக் குவியலுக்கு அடியில் மறைக்கப்பட்டிருந்ததை ஒரு ஷெரிப் தோண்டி எடுத்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் அதிபர் ஜேம்ஸ் புக்கானன் அந்தச் சாசனத்தை ஏற்கச் சொன்னார். சட்டத்தைக் கொண்டுவந்த டக்ளஸே இதை எதிர்த்து நின்றார். செனட் ஏற்றது, பிரதிநிதிகள் அவை ஏற்கவில்லை. கடைசியில் ஆகஸ்டில் கன்சாஸ் மக்களிடமே திரும்பக் கேட்டபோது 11,300-க்கு 1,788 என்று நிராகரித்தார்கள். இடையில் மே மாதம் தென்கிழக்கு எல்லையில் ஒரு கும்பல் பதினொரு பேரைப் பிடித்து ஒரு பள்ளத்தில் நிறுத்திச் சுட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். எல்லை மாவட்டங்களில் வெறி அடங்கவில்லை.

விளைவு

1859-ல் வையண்டாட்டில் எழுதிய சாசனம் அடிமை முறையைத் தடைசெய்தது. அக்டோபரில் 10,421-க்கு 5,530 என்று மக்கள் ஏற்றார்கள். தங்கள் மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிந்ததால் தென் மாநில செனட்டர்கள் வெளியேறிய பிறகுதான் அது செனட்டில் தேறியது. 1861 ஜனவரி 29, கன்சாஸ் 34-வது மாநிலம். இறந்தவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்த ஒரு கணக்கு, 157 வன்முறைச் சாவுகளில் 56 அரசியல் காரணத்தால் நடந்தவை என்கிறது. அந்தப் பகையின் பெரிய கணக்கு 1863 ஆகஸ்ட் 21 அன்று லாரன்ஸில் தீர்க்கப்பட்டது. மிசௌரியிலிருந்து வந்த கெரில்லாக்கள் ஒரே காலையில் 150-க்கு மேற்பட்ட ஆண்களையும் பையன்களையும் கொன்றார்கள்.

வேறுவிதமாகச் செய்திருக்க வேண்டியவை

வசிக்கும் கால அளவு ஒன்று, ஆறு மாதமோ ஒரு வருடமோ, சட்டத்திலேயே இருந்திருக்கவேண்டும். நில அளவை முடிந்த பிறகு குடியேற்றத்தைத் திறந்திருக்கவேண்டும். கியரிக்குக் கிடைத்த படை 1855 மார்ச்சில் ரீடருக்குக் கிடைத்திருந்தால், சாவடி அலுவலர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள். ரீடரும் மொத்தத் தேர்தலையும் ரத்து செய்திருக்கவேண்டும். கணக்கெடுப்பு எண்ணும் ஓட்டு எண்ணும் அவர் மேசையிலேயே இருந்தன. இரண்டையும் ஒப்பிட மனு எதற்கு?

ஆனால் இவை எல்லாம் சரியாக நடந்திருந்தாலும் ஒரு குறை அப்படியேதான் இருந்திருக்கும். யாருடைய வாழ்க்கையைப் பற்றி ஓட்டுப் போட்டார்களோ அவர்களிடம் எந்தத் தேர்தலிலும் யாரும் கேட்கவில்லை. அவர்கள் தங்கள் முடிவைத் தாங்களே எடுத்தார்கள். 1858 டிசம்பரில் மிசௌரியில் அடிமையாக இருந்த ஒருவர், தன் குடும்பத்தை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எல்லை தாண்டி வந்து உதவி கேட்டார். பிரவுனின் ஆட்கள் போய்ப் பதினொரு பேரை மீட்டு, குளிர்காலத்தில் அயோவா வழியாகக் கனடா கொண்டுசேர்த்தார்கள். வழியில் ஒரு குழந்தையும் பிறந்தது. மாநிலத்துக்குள் தங்கியவர்களுக்கு வையண்டாட் சாசனமும் ஓட்டுரிமை தரவில்லை, அது வெள்ளை ஆண்களுக்கு மட்டும். 1867-ல் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று கன்சாஸில் வாக்கெடுப்பு நடந்தது, தோற்றது. 1870-ல் அமெரிக்க அரசியலமைப்பின் 15-வது திருத்தம் வந்த பிறகுதான் அவர்கள் ஓட்டுப் போட்டார்கள்.